‘மறுகா எழுதுறன் மிஸ்’: கூடப் படிப்பவரின் வகுப்பறையிலிருந்து ஒரு பயிலுநர் கற்பது

கற்பித்தல் பயிற்சி தொடங்கி மூன்றாம் நாள். மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு படித்த ஒருத்தி, பாடசாலையால் விடுதிக்கு வந்ததும் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, “இன்னைக்கு ஒரு பையன் என்னை மதிக்கவே இல்லை” என்றாள். தரம் 4 வகுப்பு. கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறாள். கடைசி வரிசையில் இருந்தவன் பென்சிலைத் தீட்டிக்கொண்டே, “மறுகா எழுதுறன் மிஸ்” என்றானாம். அவள் காதில் அது ‘மறுக்கிறேன்’ என்று விழுந்திருக்கிறது. முகத்துக்கு நேரே மறுக்கிறானே என்று எழுப்பி நிறுத்திவிட்டாள். மணி அடிக்கும்வரை நின்றான், எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல்.

அறையில் இருந்த மட்டக்களப்புப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இங்கே ‘மறுகா’ என்றால் ‘பிறகு’. அவ்வளவுதான். “பிறகு எழுதுகிறேன் மிஸ்” என்று அவன் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான். சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி கேட்டாள்: “அவன் பென்சில் தீட்டிக்கொண்டுதானே இருந்தான்? முனை முறிஞ்சிருக்கும். அதான் மறுகா எண்டிருக்கான்.” ஹட்டன்காரி பேச்சில்லாமல் இருந்தாள். தீட்டிய சீவல் மேசையில் கிடந்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இந்த ஒரு சொல் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. கல்வி உளவியல் விரிவுரையில் வராது, ஆசிரியர் வழிகாட்டியிலும் வராது. ஆனால் அடுத்த நாளே அது பக்கத்து அறைக்குப் போனது. அங்கிருந்து யாழ்ப்பாணம், வவுனியா, பதுளை என்று வெளியிடங்களிலிருந்து வந்த எல்லோர் காதுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு ‘மறுகா’ கேட்டு யாரும் யாரையும் எழுப்பி நிறுத்தியதாக நான் அறியவில்லை. ஆசிரியப் பயிற்சியில் இப்படிப்பட்ட பரிமாற்றத்துக்கு நேரசூசியில் இடமில்லை, புள்ளியுமில்லை. ஆனாலும் பயிலுநர் ஒருவர் வகுப்பறைக்குள் தாக்குப்பிடிப்பதில் பெரும்பங்கு இதற்கு உண்டு என்பது என் கணிப்பு. அது ஏன் வேலை செய்கிறது, எப்போது பிழைத்துப்போகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பின்னணி. இலங்கையில் ஆசிரியர் கலாசாலைகளின் முறை வேறு: முதலில் நியமனம், பிறகு பயிற்சி. கலாசாலைக்கு வருகிறவர் ஏற்கெனவே எங்கோ ஒரு பாடசாலையில் வகுப்பெடுத்துத் தழும்பேறியவர். விரிவுரையாளர் ஒரு கோட்பாட்டைச் சொன்னால், “ஓம் சேர், எங்கட பாடசாலையில இப்படித்தான் ஒருநாள்…” என்று தொடங்கிவிடுவார். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள் இதைத் திருப்பிப் போட்டன. இன்று நாடு முழுவதும் இப்படிப் பல கல்லூரிகள் உள்ளன. நம் பக்கத்தில் தாழங்குடாவில் மட்டக்களப்பு தேசிய கல்வியியற் கல்லூரி, அம்பாறை மாவட்டத்தில் அட்டாளைச்சேனைக் கல்லூரி. இங்கே பயிற்சி முந்தி, நியமனம் பிந்தி. உயர்தரப் பெறுபேற்றோடு வந்து, இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருஷம் பாடசாலையில் முழுநேரமாக நின்று படிப்பிக்கும் கட்டுறுப் பயிற்சி முடித்து, தேசிய கற்பித்தல் டிப்ளோமாவோடு வெளியேறுவார்கள்.

அதாவது, கதை சொல்லக் கையில் சரக்கில்லாதவர்கள்தான் முதல் வருஷம் ஒரே அறையில் கூடுகிறார்கள். பிறகு கற்பித்தல் பயிற்சி வருகிறது. ஒரு பயிலுநர் ஒரு நாளில் இரண்டு பாடவேளை எடுத்தால் அவருக்குக் கிடைப்பது 80 நிமிட அனுபவம். அதில் பாதி பதற்றத்திலேயே போய்விடும். ஆனால் அறையில் எட்டுப் பேர் இருந்து, எட்டுப் பேரும் வாய் திறந்தால், அன்றிரவு அந்த அறைக்குள் 16 பாடவேளைகள் இருக்கின்றன. சொந்த அனுபவம் குறைந்தவருக்கு இதைவிடப் பெரிய களஞ்சியம் வேறு எங்கே?

சரி, வகுப்பறையே பார்க்காதவர்களா நாங்கள்? இல்லை. 13 வருஷம் வகுப்பறையில்தான் வளர்ந்தோம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் இதைச் சுட்டிக்காட்டினார்: பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணித்தியாலம் ஆசிரியர்களைப் பார்த்தபடி இருந்திருப்பார், அந்தப் பார்வையே ஒரு மறைமுகமான தொழிற்பயிற்சி. ஆனால் அது வாங்கில் உட்கார்ந்து பார்த்த பார்வை. ஆசிரியர் கேள்வி கேட்பது தெரியும், அந்தக் கேள்வியை ஏன் தெரிவுசெய்தார் என்பது தெரியாது. அடிக்கடி கோபப்பட்டது தெரியும், முந்தைய இரவு எத்தனை மணிவரை கொப்பி திருத்தினார் என்பது தெரியாது. அதனால்தான் முதல் நாள் வகுப்பில் நெருக்கடி வந்ததும் நாம் வெறுத்த ஆசிரியரின் வாக்கியமே நம் வாயில் வருகிறது. எனக்கு வந்தது. “இது சந்தையா வகுப்பா?” என்று கத்தினேன். அந்த வாக்கியத்தை எங்களிடம் சொன்னவரை நாங்கள் படித்த காலத்தில் யாருக்கும் பிடிக்காது.

கூடப் படிப்பவர் சொல்லும் கதை அந்தப் பார்வையை மேசைக்கு மறுபக்கம் திருப்புகிறது. நடந்ததோடு சேர்த்து, “அந்த நேரத்தில நான் என்ன நினைச்சன் எண்டா…” என்பதையும் அவர் சொல்கிறார். முழுக் கதையிலும் விலைமதிப்பானது அந்தப் பகுதிதான்.

ஒரு சின்னச் சம்பவம். தரம் 4க்குப் பின்னங்கள் எடுத்த ஒருத்தர், ‘அரையா காலா பெரிது?’ என்று கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளை எழும்பி ‘கால்’ என்றதாம். “பிழை, இரு” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். இதை அவர் நேரம் போதாமல்போன கதையாகத்தான் எங்களுக்குச் சொன்னார். கேட்டுக்கொண்டு பிரிஸ்டல் போட் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “அந்தப் புள்ள ஏன் கால் எண்டு சொல்லிச்சு? கேட்டீங்களா?” கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் யோசித்தோம். பின்னத்தை எழுதினால் ஒன்றில் கீழே 4, மற்றதில் கீழே 2. நாலு இரண்டைவிடப் பெரிதுதானே? பிள்ளை தான் படித்த எண்ணறிவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கிறது. அந்த அறிவு செல்லாத இடத்தில் பயன்படுத்தியதுதான் பிழை.

இரண்டு நாள் கழித்து அதே பாடம் வேறொரு பாடசாலையில் எனக்கு வந்தது. அதே கேள்வி கேட்டேன். அதே பதில் வந்தது, அதுவும் மூன்று பிள்ளைகளிடமிருந்து. இந்த முறை எனக்குப் பதற்றமில்லை. பதிலுக்காகக் காத்திருந்ததே அதற்குத்தான். “ஒரு பக்கெட் பிஸ்கட்டை இங்க ரெண்டு பேர் பங்கு போடுறாங்க. அங்க அதே மாதிரி ஒரு பக்கெட்டை நாலு பேர் பங்கு போடுறாங்க. நீங்க எங்க போய்ச் சேருவீங்க?” வகுப்பே ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்று பேரில் ஒருத்தி மட்டும் நாலு பேர் பக்கம்தான் போவேன் என்று நின்றாள், அங்கே அவளுடைய சினேகிதி இருக்கிறாளாம். அதற்கு என்னிடம் பதிலில்லை.

லீ ஷுல்மன் 1986இல் எழுதியது இதைப் பற்றித்தான். பாடம் தெரிந்திருப்பது ஓர் அறிவு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்திருப்பது இன்னோர் அறிவு. இரண்டுக்கும் நடுவே, இந்தப் பாடத்தை இந்த வயதுப் பிள்ளை எங்கே எப்படிப் பிழையாக விளங்கிக்கொள்ளும் என்று தெரிந்திருப்பது மூன்றாவது அறிவு என்றார். முதல் இரண்டும் புத்தகத்தில் ஓரளவு கிடைக்கும். மூன்றாவது பெரும்பாலும் பிள்ளைகளின் வாயிலிருந்துதான் கிடைக்கும், அதுவும் பிழையான விடையாக. ஒரு பயிலுநர் தனியே அதைத் திரட்டப் பல வருஷம் ஆகும். கூட்டாகத் திரட்டினால் ஒரு கற்பித்தல் பயிற்சிக் காலத்திலேயே நாலைந்து பாடங்களுக்காவது கையில் சேர்ந்துவிடும்.

விரிவுரையாளரின் மாதிரிப் பாடத்தைப் பார்த்தால் இதெல்லாம் வராதா? வரும், கொஞ்சம். ஆனால் மாதிரிப் பாடம் மாதிரியாகவே நின்றுவிடும். பார்த்துவிட்டு, “அவருக்கு 20 வருஷ அனுபவம், அவர் செய்வார்” என்று நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம். உளவியலாளர் அல்பர்ட் பண்டுரா 1977இல் தன்னம்பிக்கையின் ஊற்றுகளை வரிசைப்படுத்தியபோது, தானே செய்து வெல்வதற்கு அடுத்ததாக, பிறர் செய்வதைப் பார்ப்பதை வைத்தார். அந்தப் பிறர் நம்மைப் போன்றவராக இருக்கும்போதுதான் பலன் கூடும் என்பது அவருடைய விளக்கத்தின் முக்கியப் பகுதி. நேற்று என்னைப்போலவே குரல் நடுங்கி நின்றவள் இன்று வகுப்பை அமைதியாக்கிவிட்டாள் என்றால், எனக்கும் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம். தட்டுத்தடுமாறி ஏறியவரின் கதை, உச்சியிலேயே பிறந்தவரின் செய்முறையைவிட உதவும்.

அப்படியானால் தடுமாறியதைச் சொல்ல வேண்டும். இங்கேதான் நம் பயிற்சி முறை தன் காலைத் தானே தட்டிவிடுகிறது. பாடக்குறிப்பின் அடியில் சுயமதிப்பீட்டுக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதுவோம்? “பாடம் வெற்றிகரமாக நடைபெற்றது. எதிர்பார்த்த தேர்ச்சியை மாணவர் அடைந்தனர்.” இதைச் சிலர் பாடம் நடப்பதற்கு முந்தைய இரவே எழுதிவைப்பார்கள். நானும் எழுதியிருக்கிறேன், பொய் சொல்வானேன். மேற்பார்வைக்கு வருகிறவர் புள்ளி போடுகிறவர். புள்ளி போடுகிறவரிடம் பாடம் 22 நிமிடத்தில் முடிந்துபோய், மிச்ச நேரம் பிள்ளைகளைப் பாட்டுப் பாடவைத்தேன் என்று யார் எழுதுவார்? ஆகவே உண்மை விடுதிக்கு வருகிறது, அங்கே வாய்மொழியாகவே முடிந்துவிடுகிறது. தாளில் ஆயிரம் வெற்றிகரமான பாடங்கள். அவற்றை வைத்து யாரும் எதையும் கற்க முடியாது.

கதைகளின் போக்கும் நாள் போகப்போக மாறும். முதல் கிழமை எல்லாம் ‘நான்’தான்: என் குரல் எடுபடவில்லை, என் சேலை வெண்கட்டித் தூள், மேற்பார்வைக்கு வந்தவர் பின்வாங்கில் இருந்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. மூன்றாம் கிழமைக்குப் பிறகு பிள்ளைகள் கதைக்குள் வருவார்கள்: அந்தப் பொடிச்சி சேர்ந்து வாசிக்கும்போது வாயசைக்கிறாள், தனியே வாசிக்கச் சொன்னால் அழுகிறாள், எழுத்தே தெரியாதோ? பிரான்சிஸ் புல்லர் என்ற ஆய்வாளர் 1969இலேயே ஆசிரியரின் கவலைகள் தன்னிலிருந்து தொடங்கிப் பிள்ளைகளின் கற்றல் பக்கம் நகர்வதைக் கவனித்திருந்தார். அறையில் ஒருவர் அந்த இரண்டாம் வகைக் கதையைத் தொடங்கிவிட்டால் மற்றவர்களும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்பதைவிட நல்லது, போய்ப் பார்ப்பது. ஒரே பாடசாலைக்கு இரண்டு மூன்று பேரை அனுப்பினால் ஒருவர் எடுக்கும்போது மற்றவர் பின்னால் இருக்கலாம். என் பாடத்தை அப்படிப் பார்த்த ஒருத்தி பாராட்டவுமில்லை, குறை சொல்லவுமில்லை. ஒரு தாளை நீட்டினாள். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் மனதுக்குள் எண்ணியிருக்கிறாள். பெரும்பாலான இடத்தில் ‘1’. சில இடத்தில் ஒன்றுகூட இல்லை, கேள்வியும் நானே பதிலும் நானே. மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளில் அளந்து கண்டதும் இதுதான்: ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு செக்கன் அளவே பொறுக்கிறார்கள், மூன்று செக்கன் பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, கூடுதலான பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். இதைப் பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதியிருந்தேன். ஆனால் என் பெயர் போட்ட தாளில் அந்த ‘1’களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அடுத்த பாடத்தில் மூன்று எண்ணினேன். மூன்று செக்கன் எவ்வளவு நீளம் என்பது அங்கே நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

யப்பானில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பாட ஆய்வு என்றொரு வழக்கம் உண்டு. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் எடுப்பார். மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைப் பார்ப்பார்கள்: யார் எங்கே தேங்கினார், யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று. பிறகு கூடிப் பேசித் திருத்துவார்கள். பாடம் எல்லோருடையதும் என்பதால் பிழையும் ஒருவர் தலையில் விழாது. இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. ஒரே பாடசாலைக்குப் போகும் மூன்று பயிலுநர்களும் ஒரு மேற்பார்வையாளரும் போதும், அந்த ஒரு பாடத்துக்குப் புள்ளியில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால்.

இனி, இது பிழைக்கும் இடங்கள். ஒன்று, உத்தியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போவது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில், 11 பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒருத்தர் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் பக்கத்தில் இருந்து பார்த்து, அந்தப் பிள்ளையின் காதில் மட்டும் ஒரு வாக்கியம் சொல்லிவந்தார். பிள்ளைகள் அவருக்காக ஏங்கிக் காத்திருப்பார்களாம். கேட்கவே ஆசையாக இருந்தது. அதை ஒருத்தி நகர்ப் பாடசாலையில் 40 பிள்ளைகளிடம் செய்தாள். ஆறாவது பிள்ளையிடம் போகுமுன் பின்வரிசையில் சண்டை. கதை சொன்னவர் எண்ணிக்கையைச் சொல்லவில்லை, கேட்டவளும் கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகள், என்ன பாடம், இடைவேளைக்கு முன்னா பின்னா, வகுப்பாசிரியர் உள்ளே இருந்தாரா என்ற நாலு கேள்வி இல்லாமல் எந்த உத்தியையும் வாங்கக்கூடாது என்று அதற்குப் பிறகு எங்கள் அறையில் ஒரு சட்டம் இருந்தது.

மற்றது இதைவிட மோசமானது. கதைகளோடு முத்திரைகளும் பரவும். “அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை” என்று ஒருவர் சொன்னால், அடுத்த கிழமை அங்கே போகிறவர் அதைக் கண்ணாடியாகப் போட்டுக்கொண்டுதான் போவார். எங்களில் ஒருத்தர் வரவு இடாப்பைக் காட்டி, பாதி வகுப்பு வரவில்லை என்று அப்படித்தான் சொன்னார். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளையொருத்தி அமைதியாகக் கேட்டாள், “இப்ப என்ன காலம்?” மாரி வேளாண்மை வெட்டுக் காலம். தாயும் தகப்பனும் வட்டையில், அதாவது வயலில் நிற்க, மூத்த பிள்ளை வீட்டில் தங்கைக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். இல்லையென்றால் களத்துக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கும். தாய் மத்திய கிழக்குக்குப் போய் அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அதே இடாப்புத்தான், அதே வெற்றுக் கட்டங்கள்தான். ஊர்க்காரி ஒருத்தி அறையில் இல்லாமல் போயிருந்தால், ‘அக்கறையில்லாத பிள்ளைகள்’ என்பதே எங்கள் அறிவாக நிலைத்திருக்கும். எழுவான்கரையும் படுவான்கரையும், தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும், மலையகமும் வடக்கும் ஒரே விடுதியில் கலந்திருப்பதில் உள்ள பெரிய லாபம் இதுதான். (கதையில் பிள்ளையின் பெயர் வரக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர் எப்படியும் ஊருக்குத் திரும்பிப் போய்விடும்.)

இந்தப் பேச்சுக்கெல்லாம் வெறும் நேரம் தேவை. மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் வாவியைக் கடக்க ஆளும் வாகனமும் ஏறும் மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையால் படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போனவர்கள் அதில்தான் போய்வந்தார்கள். பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் கதைக்க வேண்டும். தன் முதல் வருஷங்களில் கற்பித்தலின் பாதியைத் துறையடியில்தான் படித்தேன் என்று மூத்த ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார். பாலத்தால் நேரம் மிச்சமானது நல்லதுதான், மழைக்காலத்தில் உயிர்ப்பயமும் குறைந்தது. ஆனால் இப்போது எல்லோரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு மனக்குறை. கல்லூரியில் இருக்கும்வரை விடுதி அந்தத் துறையடியாக இருக்கிறது. மூன்றாம் வருஷம் கட்டுறுப் பயிற்சிக்கு ஆளுக்கொரு பக்கம் சிதறும்போது அதுவும் போய்விடுகிறது. உண்மையில் கதை கூடுதலாகத் தேவைப்படுவது அப்போதுதான்: முழுநேரமும் வகுப்பு, பக்கத்தில் சமவயதில் யாருமில்லை. மாதத்தில் ஒரு நாள் அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து, படிவம் எதுவும் நிரப்பச் சொல்லாமல் உட்காரவைத்தால் போதும் என்று எனக்குப் படுகிறது. இப்போது அந்த இடத்தைத் தொலைபேசி பிடித்திருக்கிறது.

எங்களோடு படித்த மட்டக்களப்புக்காரர் ஒருவருக்கு முதல் நியமனம் மலையகத்தில் ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கிடைத்தது. போன முதல் கிழமை, வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளையிடம் அம்மா பார்க்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். “அம்மா பெரட்டுக்குப் போயிட்டாங்க சேர்” என்றதாம் பிள்ளை. அவருக்குப் புரட்டு, பித்தலாட்டம் என்றெல்லாம் மனதுக்குள் ஓடியிருக்கிறது. எழுப்பி நிறுத்தவில்லை. “சரி, இரு” என்று சொல்லிவிட்டு, இடைவேளையில் ஹட்டன்காரிக்கு அழைத்தார். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்பார்கள் என்று சொல்லிவிட்டு, அவள் கேட்டாளாம்: “புள்ளை காலையில சாப்பிட்டிச்சா எண்டு கேட்டீங்களா?” ‘எண்டு’ என்ற சொல் அவளிடம் மட்டக்களப்பிலிருந்து ஒட்டிக்கொண்டது.